வேகத்தடையையும் எழுதுங்க

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல இருங்க. வண்டி எங்கயும் ஓடிராது, ஓடுத நெலமையில இருந்தா நீங்க எதுக்கு வாறீங்க? இன்சூரன்ஸ்ல இருந்து ஆள் வரும், ஆள் வரும்னு பதினாறு நாளா வாசலப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். முந்தாநேத்து ஒருத்தன் பையத் தூக்கிக்கிட்டு வந்தான். நீங்கதான்னு நெனச்சி டீ போட்டு, முறுக்கு வச்சி, அவனும் தின்னு முடிச்சிட்டு, தண்ணித் தொட்டியில கொசுப்புழு இருக்கான்னு பாக்கணும்ங்கான். தின்ன முறுக்கத் திருப்பியா கேக்க முடியும்?

பேனா இருக்கா? சரி. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிடுங்க, ஒண்ணையும் விட்டுறக் கூடாது. எம் பேரு செலஸ்டினா. வண்டியும் எம் பேருல, பாலிசியும் எம் பேருல. கடப்புறத்துல வந்து கருவாட்டு செலஸ்டி வீடு எதுன்னா நாயிகூட வழி காட்டும். அந்தா பூவரச மரத்தடியில வலையப் பிரிச்சிப் போட்டுக்கிட்டு, காது கேக்காத மாதிரி இருக்காரே, அவருதான் எங்க வீட்டு ஆளு, கஸ்பார். அன்னைக்கி வண்டிய ஓட்டுனது அவருதான். குடிக்கல. அத மொதல்ல எழுதுங்க, குடிக்கலன்னு. இந்த ஊருல குடிக்காத ஆம்பள ரெண்டே பேருதான். ஒண்ணு இவரு, இன்னொருத்தரு கல்லறையில இருக்காரு.

விபத்து எதனாலன்னு கேட்டா ஒரே பதில்தான். வேகத்தடை. பெயிண்ட் அடிக்காத வேகத்தடை. எழுதிட்டீங்களா? நல்லது. இப்ப ஆதியில இருந்து சொல்லுதேன்.

இந்தக் காரு நாலு வருசத்துக்கு முந்தி வாங்குனது. பாளையங்கோட்டையில ஒரு பல் டாக்டரு வச்சிருந்தது. மனுசன் சர்ச்சுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டுவாராம், புதுப்பொண்ணு மாதிரி இருந்துச்சி. ஒத்த ரூவா கடன் இல்ல தம்பி, பூராவும் கருவாடு வித்த காசு. சாளையும் நெத்திலியும் காயவச்சி, தலையில செமந்து, பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட ஏச்சு வாங்கி வித்த காசு. "ஏ அம்மா, கூடைய மேல போடு, நாறுது"ம்பான். பதினெட்டு வருசம் கேட்டேன் அந்தப் பேச்ச. காரு வாங்குன அன்னைக்கி, கூடைய டிக்கியில வச்சிட்டு, அந்தப் பஸ்ஸு பின்னாலயே போயி, ஆரன் அடிச்சி, முந்திக்கிட்டுப் போகச் சொன்னேன் இவர. முந்தும்போது கண்டக்டரப் பாத்துக் கையக் காட்டுனேன். அவன் வேற கண்டக்டர்தான். இருந்தாலும் காட்டுனேன்.

வாங்குன அடுத்த வருசமே எம் மக ஜெனோவாவுக்குக் கல்யாணம் கூடிச்சி. ஒத்தப் புள்ள எனக்கு. மாப்பிள்ள கோவில்பட்டி. காலேஜ்ல படிக்கையில அதுகளே பாத்துக்கிடுச்சிக. நம்ம வேதந்தான், ஆனா கடக்கரச் சனம் கெடையாது. கரிசக்காட்டு ஆளுங்க, கடலமிட்டாய் கம்பெனி வச்சிருக்காவ. கல்யாணப் பேச்சு முடிஞ்சி, சம்மந்தியம்மாவ நம்ம கார்லயே பஸ்ஸ்டாண்டுல கொண்டு விடுவோம்னு ஏத்துனேன். ஞானசௌந்தரின்னு பேரு. அவ என்ன செஞ்சா தெரியுமா? கைக்குட்டைய எடுத்து சீட்டுல விரிச்சா. விரிச்சி, அதுமேல உக்காந்தா. அப்புறம் கண்ணாடிய எறக்குனா. ஏசி ஓடுது தம்பி! "எதுக்கு மயினி எறக்குதீங்க"ன்னா, "காத்தாட இருக்கட்டும்"ங்கா. காத்து வேணுமாம் அவளுக்கு. ஜெனோவா மொகத்தப் பாத்தேன். புள்ள தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? மறுநா விடியக்காலம்பற ஆரம்பிச்சேன். தெனமும் பத்துக் குடம். வண்டிய நான் கழுவுன மாதிரி இந்தத் தூத்துக்குடி ஜில்லாவுல ஒருத்தரும் கழுவியிருக்க மாட்டாவ, பந்தயம் கட்டுதேன். மேல கழுவுததப் பெருசாச் சொல்லல, அத எல்லாவனும் செய்வான். நான் அடியில கழுவுவேன். கூடையில இருந்து வடியுத தண்ணி டிக்கி ஓட்ட வழியா அடியிலதான எறங்கும், வாடை அங்கதான இருக்கும்? அதனால குனிஞ்சி நின்னு, வாளி வாளியா மோந்து, நாலு சக்கரத்துக்கும் உள்பக்கம், வயித்துக்கு அடியில, எட்டுத இடமெல்லாம் வீசி அடிப்பேன். மழைக்கும் வெயிலுக்கும் விட்டதில்ல. பெரிய வெள்ளிக்கிழம அன்னைக்கிக்கூடக் கழுவியிருக்கேன், சாமியாரு ஏசுனாரு.

அவ்வளவு தண்ணிக்கு எங்க போவேன்னு கேக்கீங்களா? எங்க போகணும், அந்தா கெடக்குல்லா கடலு, முப்பது எட்டு வச்சா போதும். நல்லதண்ணி எங்களுக்கு லாரியில வருது, குடம் பதினஞ்சு ரூவா. அத எவனாவது காருக்கு ஊத்துவானா? அதுபோக, மீன் வாடைய நல்லதண்ணி எடுக்காது தம்பி. சோப்பு எடுக்காது. கடல் தண்ணிதான் எடுக்கும். மீன் அறுத்த கைய எங்க வேணா கழுவிப் பாருங்க, அலையில ஒரு அலசு அலசிப் பாருங்க, தெரியும். எங்க பொம்பளைங்க அத்தன பேருக்கும் தெரியும் இது. எங்க வீட்டு ஆளு இருக்காரே, அவருக்குத்தான் தெரியாது. போட்டுல கடலுக்குப் போயிட்டு வந்தா, அந்த இஞ்சினக் கழட்டி, ஒரு குடம் நல்லதண்ணி ஊத்திக் குளிப்பாட்டுவாரு. குடிக்கித தண்ணி! பெத்த புள்ளைக்கி ஊத்துத மாதிரி பைய ஊத்துவாரு. நானும் ஏசி ஏசி வாய் ஓஞ்சதுதான் மிச்சம். 

ஏ, என்ன இருமலு உமக்கு? தண்ணியக் குடியும்.

அது ஒண்ணுமில்ல தம்பி. வண்டி கழுவுத பேச்சு எடுத்தா இவருக்கு ஒரு இருமல் வரும். நீங்க ஏன் பேனாவ நிறுத்திட்டீங்க? மை தீந்துட்டா? எழுதுங்க, எழுதுங்க. வண்டிய எவ்வளவு சுத்தமா வச்சிருந்தேன்னு உங்க ஆபீஸ்ல தெரியணும்.

போன வருசம் கிறிஸ்மஸ் கழிச்சிதான் சத்தம் ஆரம்பிச்சிது. பள்ளத்துல எறங்குனா கடக்குன்னு ஒரு சத்தம். மேட்டுல ஏறுனா கிறீச்சுன்னு ஒரு சத்தம். இவருக்கு ஓட்டத் தெரியலன்னு சொன்னேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம், அந்தக் கதையா இவரு, "ஏளா, வண்டிக்கு அடியில ஏதோ ஆயிட்டு"ங்காரு. சரி, பாத்துருவோம்னு பொங்கல் முடிஞ்சி தூத்துக்குடியில கம்பெனி ஷெட்டுக்கே கொண்டு போனோம். டை கட்டுன பையன் வந்து மேடம்ங்கான். எனக்கு ஒரே குளுர்ச்சி. வண்டிய மேல தூக்கி, டார்ச்சு அடிச்சிக் காட்டுதான். "மேடம், சக்கரத்தப் பிடிச்சிருக்க கை மாதிரி ஒண்ணு இருக்கு பாத்தீங்களா, இதுக்குப் பேரு ஆர்ம். ரெண்டு ஆர்மும் துருப்பிடிச்சி அரிச்சிப் போச்சி, ஷாக் அப்சார்பர் போச்சி, அதெல்லாம் மாட்டியிருக்க சட்டமும் போச்சி"ங்கான். என்னமோ எங்க அப்பன் சொத்தெல்லாம் போச்சிங்குத மாதிரி சொல்லுதான்.

எவ்வளவுன்னு கேட்டேன். இந்தா, இந்தக் கவருக்குள்ள இருக்கு, எல்லாத்தையும் பத்திரமா வச்சிருக்கேன். எழுபத்தெட்டாயிரத்து நானூறு! அதுல கூலி மட்டும் பதினாறாயிரம். சுண்டக்கா கால் பணம், சுமகூலி முக்கால் பணம். "கடலோரமா மேடம் வீடு?"ன்னு கேக்கான். ஆமாடா, கடலோரந்தான், கடலத் தூக்கிக் கொஞ்சம் அங்கிட்டு வைக்கவான்னு கேட்டேன். "இல்ல மேடம், வண்டிய எந்தத் தண்ணியில..."ன்னு ஆரம்பிச்சான். இவருக்கு அப்பப் பாத்து இருமல் வந்திச்சி பாருங்க, அந்தப் பையன் பயந்துபோயி தண்ணி எடுக்க ஓடிட்டான்.

கடைசியில செவப்பு எழுத்துல இங்கிலீஷ்ல ஒரு வரி இருக்கா? அத போட்டோ புடிச்சி ஜெனோவாவுக்கு அனுப்புனேன். அவ ஒடனே போன் போட்டா. "எம்மா, வண்டிய ஓட்டுனா ஆபத்துன்னு போட்டுருக்காம்மா. சரி பண்ணாம எடுக்காத"ன்னா. படிச்ச புள்ளைகளுக்கு எல்லாத்துக்கும் பயம். தேதியப் பாத்துக்கிட்டீங்களா? ஜனவரி மாசத்துலயே என்னக் கொள்ளையடிக்கப் பாத்திருக்கான்னு தெரியுதா? அத எழுதுங்க.

அடுத்தது பால்வண்ணன் ஷெட்டு. தவக்காலம் ஆரம்பிச்ச நேரம். எங்களுக்குத் தவக்காலத்துலதான் யாவாரமே, ஊரு பூரா கறிய விட்டுட்டுக் கருவாட்டப் பிடிக்கும், வண்டி இல்லாம ஒரு நாள் தள்ள முடியாது. பால்வண்ணன் நல்ல மெக்கானிக்குன்னு நாலு பேரு சொன்னாவ. அந்தச் சவத்துப் பய என்ன செஞ்சான்? வண்டிக்கு அடியில பூந்து, திருப்புளிய எடுத்து ஆர்ம்ல ஒரு குத்துக் குத்துனான். பொத்துன்னு உள்ள போயிட்டு. "பாத்தியாக்கா, அப்பளம்"ங்கான். எனக்கு வந்திச்சே கோவம். நீ குத்தி ஓட்ட போட்டுட்டு, அதுக்கு எங்கிட்டயே காசு கேக்கியாடான்னேன். நாப்பத்தாறாயிரம் சொன்னான். கேக்கிறவன் கேணையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பான். "அக்கா, காசு கூட மெதுவாக் குடு, வண்டிய மட்டும் எடுக்காத, இங்கயே நிக்கட்டும்"ன்னான். அங்க நின்னா எங் கருவாட்ட யாரு செமப்பா, அவன் பொண்டாட்டியா? அவனும் இவரத் தனியாக் கூட்டிட்டுப் போயி குசுகுசுன்னு என்னமோ கேட்டான். இவரு தலைய ஆட்டிக்கிட்டு, வாயில வெரல வச்சிக் காட்டுதாரு. ஆம்பளைங்க ரகசியம், நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்.

மூணாவதா ஆம்புட்டான் நம்ம இசக்கி. தங்கமான பய. கேட்டு, சன்னல் கம்பி, நங்கூரம் எல்லாத்துக்கும் வெல்டிங் அடிப்பான். மூவாயிரத்து ஐந்நூறு கேட்டான், ரெண்டாயிரத்து எண்ணூறுக்கு முடிச்சேன், அது போக ஒரு கிலோ சீலாக் கருவாடு. ஓட்ட இருந்த இடத்துல தகட்ட வச்சி அடிச்சி, மேல கறுப்புப் பெயிண்ட் போட்டான் பாருங்க, புதுசு தோத்துப் போகும். "யக்கா, இது தற்காலிகந்தான், பைய ஓட்டணும்"ன்னான். நாங்க என்ன ஏரோப்ளேனா ஓட்டப் போறோம்னு சொன்னேன். எழுபத்தெட்டாயிரம் எங்க, ரெண்டாயிரத்து எண்ணூறு எங்க? அவன் ரசீதும் இருக்கு. கலண்டர்த் தாளுல எழுதிக் குடுத்தான், இந்தா.

என்ன, வண்டிக்குக் கீழ படுத்துப் பாக்கணுமா? இருங்க, சாக்கு விரிக்கேன். வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வந்திருக்கீங்களே தம்பி. ம், பைய. தலைய இடிச்சிக்கிடாதீங்க. நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன், நீங்க பாட்டுக்குப் பாருங்க. உங்க காலுகிட்ட பேசுதேன், பரவாயில்ல.

ஈஸ்டர் முடிஞ்சி ரெண்டாவது ஞாயிறு ஜெனோவாவுக்கு வளகாப்பு. ஏழாம் மாசம். கோவில்பட்டியில வச்சி. வளகாப்பு முடிஞ்சா புள்ளைய அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும், தலப்பிரசவம் அம்மா வீட்டுலதான. பந்தியில வச்சி ஞானசௌந்தரி சொல்லுதா, "எங்க வண்டியில கொண்டு விட்டுருதோம் மயினி. உங்க வண்டி வாடைக்குப் புள்ளத்தாச்சிக்குக் கொமட்டும்." எழவு கொட்டுத மாதிரி நூறு பேரு முன்னால சொல்லுதா. நான் விடுவேனா? வந்து மோந்து பாருங்க மயினி, வாடை இருந்தா எங் காத அறுத்துக்கிடுதேன்னேன். உண்மையிலயே இல்ல தம்பி. மூணு வருசம் கழுவியிருக்கேன். அவளும் வந்தா, மோந்தா, கையில வச்சிருந்த கைக்குட்டைய மடிச்சி இடுப்புல சொருகிட்டா. அந்த ஒரு நிமிசம் எனக்குப் போதும்.

ஜெனோவா ஏறும்போது கதவப் பிடிச்சிக்கிட்டு நின்னா. ரெண்டு கை நெறையக் கண்ணாடி வளையலு, கன்னத்துல சந்தனம். "எம்மா, அந்தச் சத்தம் கேட்டுச்சே, சரி பண்ணியாச்சாம்மா?"ன்னு கேட்டா. ஆச்சு, ஏறுன்னேன். பொய்யா சொன்னேன்? இசக்கி வெல்டிங் அடிச்சானா இல்லையா? அவளும் சரின்னு ஏறி உக்காந்துட்டா.

முக்கா மணி நேரம் ஒரு கொறையும் இல்லாம வந்தோம். ரோட்டோரம் ரெண்டு புளியமரம் வரும், அதத் தாண்டுன ஒடனே வேகத்தடை. பெயிண்ட் கெடையாது, போர்டு கெடையாது, எரும படுத்துக் கெடக்க மாதிரி கெடக்கு. கட்டுனவன் பேதியில போக. இவரு நாப்பதுலதான் போறாரு. ஏறிச்சி. எறங்கும்போது படார்னு ஒரு சத்தம். இடதுகைப் பக்கச் சக்கரம் அப்படியே உள்ள மடங்கிட்டு. வண்டி ரோட்டத் தேச்சிக்கிட்டே போயி, ஓடைக்குள்ள எறங்கி, உடமுள்ளு மரத்துல முட்டி நின்னுச்சி.

யாருக்கும் ஒரு கீறல் இல்ல, எழுதிக்கிடுங்க. அட, கீழ இருந்து எப்படி எழுதுவீங்க, வந்து எழுதுங்க. வளையலு ஒரு ஏழெட்டு ஒடஞ்சிது, அம்புட்டுதான். புள்ள ரெண்டு கையாலயும் வயித்தப் பிடிச்சிக்கிட்டு இருக்கா. நான் மக்கா, மக்கான்னு கூப்பிடுதேன், என்னத் திரும்பிப் பாக்கல. ஆஸ்பத்திரி போற வரைக்கும் ஒரு வார்த்த பேசல. டாக்டரம்மா மிஷின வயித்துல வச்சி வச்சி எடுக்கா, இடம் மாத்தி மாத்திப் பாக்கா. அப்புறம் அந்தச் சின்ன உசுரு நெஞ்சுத்துடிப்பு டப்பு டப்புன்னு கேட்டுச்சி. மாதாவே, மாதாவேன்னு அந்தத் தரையிலயே உக்காந்துட்டேன். அம்பத்தி ரெண்டு வயசுல அப்படி ஒரு பயம் நான் பட்டதில்ல.

மாப்பிள்ள வீட்டுக்காரவ வந்து, அவிய வண்டியில ஏத்தி, திரும்ப கோவில்பட்டிக்கே கூட்டிட்டுப் போயிட்டாவ. பதினாறு நாளாச்சி. நான் போன் அடிச்சா எடுக்க மாட்டா. டவர் கெடைக்கலயாம், மாப்பிள்ள சொல்லுதாரு. கோவில்பட்டி டவுனுக்குள்ள டவர் கெடைக்கலயாம். இவரு போன்ல இருந்து அடிச்சா மட்டும் டவர் வந்துருது. என்ன எழவு டவரோ. இங்க பாருங்க, தொட்டில் கட்ட கொக்கி மாட்டியாச்சி, பழைய சேலையெல்லாம் தொவச்சி மடிச்சாச்சி, பெத்தவளுக்குக் குடுக்குத காயப்பொடி இடிச்சி வச்சாச்சி. இன்னும் ஒம்பது வாரந்தான் இருக்கு.

எந்திரிச்சிட்டீங்களா? முதுகுல மண்ணு, இருங்க தட்டி விடுதேன். தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லுதேன். எனக்குக் காசு வேண்டாம். சத்தியமாச் சொல்லுதேன், உங்க கம்பெனி ஒரு ரூவா தர வேண்டாம், நானே கருவாடு வித்துச் சரி பண்ணிக்கிடுவேன். எனக்கு ஒரு பேப்பரு போதும். சீலு குத்தி, கையெழுத்துப் போட்டு, "இந்த விபத்து வேகத்தடையாலதான் நடந்தது, வேற காரணம் இல்ல"ன்னு. அத எடுத்துக்கிட்டு நேரா கோவில்பட்டி போவேன். ஞானசௌந்தரி மூஞ்சியில விரிச்சிக் காட்டுவேன். பொறவு ஜெனோவாகிட்ட குடுப்பேன். கவருமெண்டு மாதிரி ஒரு பேப்பரு சொன்னா அவ நம்புவா. படிச்ச புள்ளல்லா. பேப்பரப் பாத்தான்னா எங்கூடப் பேசிருவா.

எழுதியாச்சா? வாசிங்க கேப்போம்.

...

இன்னொருக்கா வாசிங்க.

"உப்புநீரால் பல ஆண்டுகளாக ஏற்பட்ட துரு." அப்படியா போட்டுருக்கீங்க? என்ன தம்பி, உங்களுக்கும் அந்த டை கட்டுன பயலுக்கும் கூட்டா? உப்புநீராம்! எங்க போட்டு இருவது வருசமா அந்தத் தண்ணியிலயேதான் கெடக்கு, அது என்ன கரைஞ்சா போச்சி? காரு வாங்குன அன்னைக்கி சாமியாரு மந்திரிச்சித் தெளிச்சாரே தீர்த்தம், அதுலயே ஒரு கை உப்பு அள்ளிப் போட்டுத்தான் மந்திரிச்சாரு, நான் என் கண்ணால பாத்தேன். அவர் மேலயும் கேஸு போடுவீங்களா?

என்னது? போட்டு ஃபைபரு, காரு இரும்பா? சரி, இரும்பு. இரும்புன்னா? போட்டுலயுந்தான் இரும்பு இருக்கு. இஞ்சின் இரும்புதான? அது என்ன துருப்பிடிச்சிப் போச்சா? தெனமும் கடலுக்குள்ள முங்கி முங்கி எந்திரிக்கி, பதினோரு வருசமா ஒரு பொட்டுத் துரு இல்ல, இவரு அத...

நல்லதண்ணி ஊத்தி...

ஏ மனுசா. இங்க வாரும். வலையக் கீழ போட்டுட்டு வாரும். இருமாதேயும்! அந்த இஞ்சினுக்கு எதுக்கு நல்லதண்ணி ஊத்துதீரு? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லும். உப்பு எடுக்கவா? அப்ப உமக்குத் தெரியும். மூணு வருசமா நான் வாளி வாளியா அடிச்சது வண்டிய என்ன செய்யும்னு உமக்குத் தெரியும். அந்த டை கட்டுனவனுக்குத் தெரியும், பால்வண்ணனுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் சொல்லக் கூடாதாக்கும். ஏன் சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீரு?

யாரு சொல்ல வேண்டாம்னா?

ஜெனோவாவா?

கேட்டீங்களா தம்பி, இவரு சொல்லுதத? கல்யாணம் ஆன புதுசுலயே எம் மக இவருகிட்ட சொல்லியிருக்கா. "எப்பா, கடல் தண்ணி வண்டிய அரிச்சிரும், அம்மாகிட்ட சொல்லிராதீங்க. எம் மாமியாரு கைக்குட்டைய விரிச்சதுக்காகத்தான் அம்மா கழுவுது. சொன்னா அதுக்கு வேற ஒண்ணும் செய்யத் தெரியாது, ஒடஞ்சி போயிரும்"னு. வண்டி போனாப் போகுது, அம்மாவ விட்டுருங்கன்னு சொல்லியிருக்கா. இருவத்தி மூணு வயசுல.

இருங்க. ஒரு நிமிசம் இருங்க. கண்ணுல தூசி இல்ல, அழத்தான் செய்யுதேன். அழுதா என்ன இப்ப?

கழுவுனதுக்கு அவ கோவப்படல தம்பி. வண்டி ஒடஞ்சதுக்கும் கோவப்படல. ஏறுததுக்கு முந்தி அவ கேட்டா. கதவப் பிடிச்சிக்கிட்டு, வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு, சரி பண்ணியாச்சாம்மான்னு எங்கிட்டதான் கேட்டா. நான் ஆச்சுன்னேன். ரெண்டாயிரத்து எண்ணூறு ரூவாய்க்கு ஆச்சுன்னேன்.

வேண்டாம், அடிக்காதீங்க. அந்த வரிய அடிக்காதீங்க. அப்படியே இருக்கட்டும். உப்புத்தண்ணின்னு போட்டுருக்கீங்கல்ல, அதுக்குப் பக்கத்துல எம் பேரையும் போடுங்க. செலஸ்டினா ஊத்துனதுன்னு போடுங்க. மூணு ஷெட்டுல சொல்லியும் கேக்கலன்னு போடுங்க. மக கேட்டதுக்குப் பொய் சொன்னான்னு போட உங்க தாளுல இடம் இருக்கா? இல்லன்னா பின்பக்கம் எழுதுங்க. கீழ சீலு குத்துங்க, நல்லா அமுக்கிக் குத்துங்க.

காசு வராதுன்னு தெரியும். அதான் வேண்டாம்னேனே. இந்த வாயி இருக்கே தம்பி, அது இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் தாழ்ந்து போனதில்ல. பெத்த புள்ளகிட்டப் போயி நின்னாலும் வேகத்தடைன்னுதான் அது ஆரம்பிக்கும், எனக்குத் தெரியும். அதனால அந்தப் பேப்பர அவ கையில குடுத்துட்டுப் பேசாம நிக்கப் போறேன். நாளைக்கி மொத பஸ்ஸுல போறேன். கருவாட்டுக் கூடை கெடையாது, வெறுங்கையோட. கண்டக்டரு என்ன சொல்லுதான்னு பாப்போம்.

நீரும் வாரும், கஸ்பாரு. சட்டையத் தொவச்சிப் போடும். நல்லதண்ணியில.

கெளம்புதீங்களா தம்பி? டீகூடக் குடிக்கல நீங்க. இந்தா, நெத்திலிக் கருவாடு, வீட்டுல குடுங்க. லஞ்சம் இல்ல, அதான் எனக்கு எதிரா எழுதிட்டீங்களே, பொறவு என்ன லஞ்சம்? பிடிங்க.

ஒண்ணே ஒண்ணு. கோவிச்சிக்கிடாதீங்க. எழுதுனதெல்லாம் எழுதுனபடி இருக்கட்டும், ஒரு எழுத்து மாத்த வேண்டாம். ஆனா கீழ ஓரமா கொஞ்சம் இடம் இருக்கு பாருங்க. அங்க அந்த வேகத்தடைக்கு யாரும் பெயிண்ட் அடிக்கலங்கதையும் ஒரு வரி எழுதுங்க. சின்ன எழுத்துல எழுதுனாக்கூடப் போதும்.